உள்ளங்கையில் ஒரு கணக்குப்பிள்ளை!

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது அவோஸ்தா. சின்ன ஊர்தான். ஆனால் அகஸ்டஸ் வளைவு, கல்லாலான கோட்டை வாசல், 22 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நாடக அரங்கச் சுவர் என்று 2,000 வருடப் பழைமையை நடந்தே பார்த்துவிடலாம்.

அப்படியே ரோன்காஸ் சதுக்கத்தில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தகடு அங்கே இருக்கிறது. அதுதான் ரோமானியர்களின் கை அபாகஸ். உலகில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில.

நம் வீட்டுப் பிள்ளைகளின் அபாகஸில் மணிகளைக் கம்பியில் கோத்திருப்பார்கள். இதில் கம்பி கிடையாது. தகட்டில் வெட்டிய நீளத் துளைகளுக்குள் குமிழ்கள் மேலும் கீழும் நகரும். ஒவ்வொரு வரிசையிலும் கீழே 4 குமிழ்கள். ஒன்றின் மதிப்பு 1. மேலே ஒரே குமிழ். அதன் மதிப்பு 5. நடுப்பகுதியை நோக்கித் தள்ளினால்தான் கணக்கில் சேரும். 7 வேண்டுமென்றால் மேலே ஒன்று, கீழே இரண்டு. ஒன்று, பத்து, நூறு என்று பத்து லட்சம் வரை 7 வரிசைகள் இருக்கின்றன.

வலது ஓரத்தில் இருப்பவை சில்லறைக்கு. ரோமானியர்கள் ‘ஆஸ்’ என்பதை 12 ‘உன்கியா’வாகப் பிரித்தார்கள். நாம் டஜன் எண்ணுகிற மாதிரி. அதனால் உன்கியா வரிசையில் மட்டும் கீழே 5 குமிழ்கள், மேல் குமிழுக்கு மதிப்பு 6. மொத்தம் 11 வரை காட்டும். 12 ஆனால் இந்த வரிசையைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் ஒன்றை ஏற்றிவிட வேண்டும். உன்கியாவின் அரை, கால், மூன்றில் ஒரு பங்குக்கும் தனி இடம் உண்டு.

இந்த ஊரின் கணக்கு ஒன்றையே போட்டுப் பார்ப்போம். கி.மு. 25-ல் இங்கே வாழ்ந்த சலாசி மக்களை ரோமப் படை தோற்கடித்தது. பிடிபட்டவர்கள் 36,000 பேர், அவர்களைத் தவிர போர்வீரர்கள் 8,000 பேர், எல்லோரும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

பத்தாயிரம் வரிசையில் 3 குமிழ்களைத் தள்ளுங்கள். ஆயிரம் வரிசையில் மேலே ஒன்று, கீழே ஒன்று. இது 36,000. இதோடு 8,000 சேர்த்தால் ஆயிரங்கள் 14 ஆகும். அதில் பத்தை பக்கத்து வரிசைக்கு ஒன்றாக ஏற்றிவிட்டால் அங்கே 4, இங்கே 4. மொத்தம் 44,000. எட்டே குமிழ்கள்!

ஆடுகளோ, கோதுமை மூட்டைகளோ, மனிதர்களோ, குமிழ்களுக்கு எல்லாம் ஒன்றுதான். கணக்கு முடிந்ததும் பின்னால் தள்ளிவிட்டால் சுவடே இருக்காது. யாரோ எழுதிவைத்ததால்தான் அந்த 44,000 பேர் இருந்தார்கள் என்பதே நமக்குத் தெரிகிறது.

அகஸ்டஸ் வளைவு அந்த வெற்றிக்காக எழுப்பியதுதான். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும்போது, தோற்றவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.