குதிகாலில் ஒரு துளி

எங்கள் பங்கை அடுத்துள்ள மருத்துவமனையின் கொள்முதல் பட்டியலில் ஒப்பமிடும் பொறுப்பு மூன்றாண்டுகளாக என்னிடம் இருந்துவருகிறது. தத்துவமும் இறையியலும் கற்றவனுக்கு ஊசிகளைப் பற்றி என்ன தெரியும்? விலை தெரியும். சென்ற ஆண்டு, பிறந்த குழந்தைகளின் குதிகாலில் இரத்தம் எடுப்பதற்கென்றே அமைந்த லான்செட்டை அடித்துவிட்டு, பெரியவர்கள் விரலில் குத்திக்கொள்ளும் மலிவான லான்செட்டுக்கு ஒப்பமிட்டேன். “ஊசி ஊசிதானே, சிஸ்டர்!” என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

சில வாரங்கள் சென்றபின், எங்கள் பங்குப் பெண்மணி ஒருவரைப் பேறுகால வார்டில் காணச் சென்றேன். கருவுற்ற காலத்தில் அவருக்கு நீரிழிவு இருந்தது. அத்தகைய தாயின் வயிற்றில் குழந்தை மிகுந்த சர்க்கரைக்குப் பழகி, அதற்கேற்ப இன்சுலினைச் சுரக்கிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரையின் வரவு நின்றுவிடுகிறது. இன்சுலினோ உடனே அடங்குவதில்லை. இரத்தச் சர்க்கரை மிகவும் சரிந்தால் வலிப்பு வரலாம், மூளைக்கும் ஊறு நேரலாம். ஆகவேதான் முதல் நாளில் பாலூட்டுமுன் துளி இரத்தம் எடுத்துத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்.

நான் சென்றபோது ஐந்தாம் சோதனை. செவிலியர் குத்தினார், துளி வரவில்லை. குதிகாலைப் பிசைந்தார், மறுபடியும் குத்தினார். குழந்தை மூச்சடைக்கக் கதறியது. தாய் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேசைமேல் இருந்தது நான் ஒப்பமிட்ட பெட்டி.

அன்று மாலை அருட்சகோதரி எனக்குப் பாடம் நடத்தினார். குருமடத்தில்கூட நான் அத்துணைக் கவனமாகக் கேட்டதில்லை. விரலுக்கான ஊசி நேரே உள்ளே இறங்குகிறது. குதிகாலுக்கானதில் இருப்பதோ ஒரு சிறு அலகு. விசையை அழுத்தியதும் தோலை மெல்லக் கீறிவிட்டுத் தானே உள்ளே மறைந்துகொள்ளும். கீறலில் இரத்தம் எளிதாக வரும், பிசைய வேண்டியதில்லை. பிசைந்தாலோ சிவப்பணுக்கள் உடைந்து, திசுநீரும் கலந்து, கணக்கே பிழைபடும். எல்லாவற்றினும் முக்கியம் ஆழம். 2 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. எலும்பைத் தொட்டால் சீழ்பிடிக்கும் அபாயம் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு 0.85, நிறைமாதக் குழந்தைக்கு 1 மில்லிமீட்டர் என அவை தனித்தனியே கிடைக்கின்றன. குத்தும் இடமும் பாதத்தின் அடியில் குதிகாலின் இரு ஓரங்களே, பின்வளைவு ஆகாது.

விலை பன்மடங்கு என்பது மெய். ஆனால் நான் ஒப்பிட்டது ஓர் ஊசியின் விலையை. ஒரு சோதனைக்கு எத்தனை ஊசி என்று கேட்கத் தோன்றவில்லை.

திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினோம். பங்குப் பேரவையில் சிலர் முகம் சுளித்தனர். அவர்கள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

புதிய பெட்டி வந்தபின் ஒருநாள் மீண்டும் அவ்வார்டுக்குப் போனேன். தாய் மார்போடணைத்துப் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் சோதித்தார். அப்படிச் செய்தால் வலி குறையுமாம். ஒரே கீறல். குழந்தை சற்றே சிணுங்கிவிட்டுப் பாலுக்குத் திரும்பியது.

“இவ்வளவுதானா, சாமி?” என்றார் அருகிலிருந்த பாட்டி.