இடையில் நிற்கலாகாத இடம்

டீபக்கர் என்று ஆய்வகங்களில் வழங்கும் வழுநீக்கி, எல்லா நுண்செயலிகளிலும் ஒரே வகையில் இயங்குவதாகவே அதைப் பயன்படுத்துவோர் எண்ணுகின்றனர். இந்த வரியில் நில், இந்த மாறியின் மதிப்பைக் காட்டு, அடுத்த ஆணைக்கு நகர் என்று சொன்னால் விடை திரையில் வந்துவிடுகிறது. அந்த ஒருமை வெறும் மேல்தோற்றம். அடியில் ஒவ்வொரு நுண்செயலிக் குடும்பத்துக்கும் தனித்தனி வழக்காறு உண்டு. (செயலி என்றால் இன்று கைப்பேசியில் இருப்பதையே எல்லோரும் நினைப்பதால், விடாமல் நுண்செயலி என்றே எழுதுகிறேன், பொறுத்தருள்க.) அந்த வழக்காறுகளை வழுநீக்கி சரியாகக் கையாள்கிறதா என்று தானாகவே பார்த்துச் சொல்லும் சோதனைகளை எழுதுவதுதான் கடந்த ஓராண்டாக என் வேலை. மொழியியலில் முதுகலை படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இந்த நீண்ட பதிவு.

எளியதிலிருந்து தொடங்குகிறேன். நிரலை ஓரிடத்தில் நிறுத்துவதற்கு, வழுநீக்கி அங்கிருக்கும் ஆணையை எடுத்து வைத்துக்கொண்டு அதன் இடத்தில் பொறி ஆணை ஒன்றை எழுதுகிறது. எக்ஸ்86 குடும்பத்தில் அது 204 என்ற மதிப்புடைய ஒரே ஒரு பைட். அதை நிறைவேற்றிய பின்பே நுண்செயலி நிற்பதால், ஆணைச்சுட்டி ஒரு பைட் தள்ளிப் போயிருக்கும். வழுநீக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தாக வேண்டும். ரிஸ்க்-வியில் சுட்டி பொறியின் மீதே நிற்கும். அங்கே கழித்தால் பிழை. அதற்கு வேறொரு சிக்கல் உண்டு. அதன் சுருக்க ஆணைகள் 2 பைட், மற்றவை 4 பைட். 2 பைட் ஆணையின் மேல் 4 பைட் பொறியை எழுதினால் அடுத்த ஆணையின் தலை போய்விடும். வேறெங்கிருந்தோ நிரல் அந்த அடுத்த ஆணைக்குத் தாவி வந்தால், அங்கே இருப்பது யாரும் எழுதாத ஆணை.

ஜிடிபி வழுநீக்கியின் சோதனைத் தொகுப்பில் இத்தகையவற்றுக்கென்றே ‘ஆர்ச்’ என்னும் தனி அடைவு இருக்கிறது. சோதனைகள் டிசிஎல் மொழியில், டெஜாக்னு சட்டகத்தில் எழுதப்படுகின்றன. ஒரு கட்டளையை அனுப்பி, வரும் விடை எதிர்பார்த்த வடிவத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுவதே அதன் முறை. களப்பணியில் தகவலாளரிடம் வாக்கியத்தைச் சொல்லி, ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று குறித்துக்கொண்டு பழகிய கைக்கு இது அந்நியமாகப் படவில்லை.

அங்குள்ள சோதனைகள் பலவும் ஏதோ ஒரு மாற்றத்தின் தடயங்கள். வழுநீக்கி ஒரு செயற்கூற்றின் தொடக்கத்தில் நிறுத்தும்போது, அடுக்குச் சட்டத்தை அமைக்கும் முன்னுரை ஆணைகளைத் தாண்டியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அளபுருக்களின் மதிப்பு தவறாகத் தெரியக்கூடும். எக்ஸ்86 கம்பைலர்கள் பாதுகாப்பின் பொருட்டுச் செயற்கூறுகளின் தலையில் 4 பைட் ஆணை ஒன்றைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியபோது, முன்னுரையை அடையாளம் காணும் பகுதி தடுமாறியது. முதல் ஆணையே அறிமுகமற்றது. ஆகவே இது முன்னுரையே அன்று என்று அது முடிவு செய்துவிட்டது. 2020இல் இதற்குத் திருத்தமும் சோதனையும் ஒன்றாகச் சேர்ந்தன. சொல்லின் முன்னால் புதிதாக ஓர் ஒட்டு வந்தவுடன் பகுதியைக் காணத் தவறும் உருபனியல் பகுப்பிகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

என்னை இந்த வேலையில் பிடித்து வைத்தது வேறொரு செய்தி. பல இழைகள் ஒரே எண்ணியைக் கூட்டும்போது ஒன்றின் கணக்கை மற்றொன்று அழித்துவிடாமல் இருக்க, ரிஸ்க்-வியில் இரண்டு ஆணைகள் இணையாக வருகின்றன. எல்ஆர் என்பது நினைவிடத்தைப் படித்து, அதன்மேல் ஓர் ஒதுக்கீட்டையும் பதிக்கிறது. எஸ்சி என்பது அந்த ஒதுக்கீடு கலையாமல் இருந்தால் மட்டுமே எழுதுகிறது. கலைந்திருந்தால் தோற்று, நிரல் மறுபடி எல்ஆருக்கே திரும்புகிறது. பவர்பிசியிலும் ஆர்மிலும் இதே ஏற்பாடு வேறு பெயர்களில் உண்டு.

இப்போது ஒருவர் ஒவ்வோர் ஆணையாகப் படிநடந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழுநீக்கி எல்ஆருக்கு அடுத்த ஆணையில் பொறி வைக்கிறது. நிரல் அங்கே நிற்கிறது. கெர்னல் உள்ளே வருகிறது. திரும்பிப் போகும்போது லினக்ஸ் கெர்னல் ஒதுக்கீட்டை வேண்டுமென்றே அழித்துவிட்டுப் போகிறது, ஓர் இழையின் ஒதுக்கீட்டை மற்றொன்று பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே எஸ்சி தோற்கிறது. நிரல் பின்னோக்கிச் செல்கிறது. மறுபடி ஒரு படி, மறுபடி அழிவு. படிநடக்கும் வரையில் அந்த நிரல் அந்தச் சுழலை விட்டு வெளியே வராது. தனியே ஓடவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

வில்லியம் லபோவ் உற்றுநோக்குவோரின் முரண் என்று எதைச் சொன்னாரோ, அதன் இரும்பு வடிவம் இது. யாரும் கவனிக்காதபோது மக்கள் எவ்வாறு பேசுகிறார்கள் என்பதை, கவனித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அவர் கண்ட வழிகளுள் ஒன்று, பேசுபவரைத் தம் கதையிலேயே ஆழ்த்திவிட்டு, இடையில் குறுக்கிடாமல் இருப்பது. வழுநீக்கிக்கான மருந்தும் அதுவே. எல்ஆரைக் கண்டவுடன் முன்னோக்கிப் படித்து எஸ்சி எங்கே என்று தேடி, அதற்கு அப்பால் பொறி வைக்க வேண்டும், இடையில் நிற்கலாகாது. நடுவிலிருந்து வெளியே தாவும் கிளை ஏதேனும் இருந்தால், அது சென்று சேரும் இடத்திலும் ஒரு பொறி வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தின் இளைய ஆய்வாளர் ஒருவர் தாம் வாங்கிய போர்டுடன் வந்த வழுநீக்கியையே பயன்படுத்திவந்தார். விற்றவர்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றியமைத்த பதிப்பு அது. மேற்சொன்ன ஏற்பாடு அதில் இல்லை. பூட்டில்லாத வரிசை அமைப்பு ஒன்றை எழுதி, படிநடந்து பார்த்து, அது முடிவின்றிச் சுழல்வதைக் கண்டு, மூன்று வாரம் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார். இந்த முறை ஏற்றதன்று என்று அரையாண்டு அறிக்கையிலும் எழுதிவைத்திருந்தார். அவருடைய நிரலில் பிழை ஒன்றுமில்லை. அறிக்கை மேற்பார்வையாளரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்னர்தான் அது தெரிந்தது. “அக்கா, அப்படியானால் என் மூன்று வாரம்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. அடுத்தவருக்கு அது நேராதிருக்கச் சோதனை ஒன்று எழுதலாம், அவ்வளவே.

எழுத உட்கார்ந்தால் எவருக்கும் முதலில் தோன்றுவது, நிரலைப் படிநடத்தி, 10 நொடிக்குள் சுழலிலிருந்து வெளியே வருகிறதா என்று பார்ப்பது. இதை நான் ஏற்கவில்லை. காரணம், கியூஇஎம்யூ. கையில் போர்டு இல்லாத பெரும்பாலோர் சோதனைகளை அந்த எமுலேட்டரில்தான் ஓட்டுவார்கள். கியூஇஎம்யூ ஒதுக்கீட்டை உண்மை வன்பொருள் போல நடத்துவதில்லை. படித்த முகவரியையும் மதிப்பையும் நினைவில் வைத்து, எழுதும் நேரத்தில் அதே மதிப்பு அங்கே இருந்தால் எழுதிவிடுகிறது. அதன் உள்ளமைந்த இணைப்பு வழியாக வழுநீக்கி நிறுத்தும்போது, உள்ளே ஓடும் கெர்னலுக்கு அது தெரிவதுமில்லை. ஆகவே நடுவில் எத்தனை முறை நிறுத்தினாலும் எஸ்சி வென்றுவிடும். குறையுள்ள வழுநீக்கியும் அங்கே தேர்ச்சி பெறும். அத்தகைய தேர்ச்சி, சோதனையே இல்லாததைவிடக் கேடானது என்பது என் துணிபு.

எனவே விளைவை விட்டுவிட்டு நடத்தையைக் கேட்டேன். எல்ஆரில் நிறுத்து, ஒரு படி நகர், இப்போது ஆணைச்சுட்டி எங்கே? எஸ்சிக்கு அப்பால் நிற்க வேண்டும். உள்ளே எங்கு நின்றாலும் தோல்வி. எமுலேட்டராயினும் வன்பொருளாயினும் விடை ஒன்றே. மூல நிரலைச் சியில் எழுதாமல் அசெம்பிளியிலேயே எழுதியதற்கும் காரணம் உண்டு: கூட்டலை ஒரே ஆணையில் முடிக்கும் வசதி ரிஸ்க்-வியில் இருப்பதால், கம்பைலர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சோதிக்க வேண்டிய தொடரே அங்கிருக்காது. கிளையுள்ள தொடர், கிளையில்லாத தொடர், எஸ்சியே வராத தொடர் என்று மூன்றும் வைத்தேன். மூன்றாவதற்கு வழுநீக்கி வழக்கம் போல ஒரு படி மட்டுமே நகர வேண்டும். இது நம் உடுக்குறியிட்ட வாக்கியத்துக்கு நிகர்.

ஆய்வுக்குழுக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், சோதனை எழுதுவது பொறியாளர் வேலை, இது எப்படி ஆய்வேட்டின் இயலாகும் என்றார். கேள்வி நியாயமானதே. என் மறுமொழி, அந்தச் சோதனையில் இருக்கும் ஒரு 16. ரிஸ்க்-வி விதிநூல், இத்தகைய சுழல் அதிகம் போனால் 16 ஆணைகளுக்குள் இருந்தால்தான் அது இறுதியில் வெல்லும் என்று உறுதி தருகிறது. 17 ஆணைகள் இருந்தால்? விதி மௌனம் காக்கிறது. வன்பொருள் அதை நிறைவேற்றவும் செய்யலாம். வழுநீக்கி தேடலைக் கைவிட்டு இடையில் நின்றால் அதைத் தவறு என்பதா, சரி என்பதா? நம் இலக்கணிகள் இத்தகைய இடத்துக்குப் புறனடை வைத்தார்கள். டெஜாக்னுவிலும் தேர்ச்சி, தோல்வி என்னும் இரண்டோடு, சூழலால் எதிர்பார்த்த தோல்வி, கருவியின் அறிந்த குறையால் வந்த தோல்வி, இங்குப் பொருந்தாது என்றெல்லாம் தனித்தனிக் குறிகள் உண்டு. எந்தக் குறியை இடுவது என்பது, குறை யாருடையது என்ற தீர்ப்பு. அதைத் தீர்மானிக்க விதிநூலையும் கெர்னலையும் கம்பைலரையும் ஒருங்கே படிக்க வேண்டியிருந்தது. அவர் முழுதும் ஒப்பவில்லை. இயல் இருக்கட்டும், சுருக்குங்கள் என்றார்.

17இன் நிலையை இன்னும் தீர்க்கவில்லை. ஐஐடி மெட்ராஸின் சக்தி, சி-டாக்கின் வேகா என இந்நாட்டிலேயே வடிவமைத்த ரிஸ்க்-வி நுண்செயலிகள் இருக்கின்றன. அவற்றில் வழுநீக்கி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அவற்றை வைத்திருப்பவர்கள்தாம் சொல்ல முடியும். உங்கள் துறையில் லினக்ஸ் ஓடும் ரிஸ்க்-வி போர்டு எதுவாயினும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சோதனையை அனுப்புகிறேன். ஓட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. முடிவுக் கோப்பை அப்படியே திருப்பி அனுப்பினால் போதும், தோல்வி என்று வந்திருந்தாலும். உண்மைப் போர்டா எமுலேட்டரா என்பதை மட்டும் மறவாமல் குறிப்பிடுங்கள்.