ஆர்ல் நகரத்து அறுவடை

பிரெஞ்சு தேசத்துக்குப் போக உத்தேசம் என்று நாங்கள் சொன்னதும், கேட்டவர்கள் அத்தனை பேரும் "பாரிஸுக்குத்தானே?" என்றார்கள். "இல்லை, ஆர்ல் என்ற ஊருக்கு" என்றதும் சற்று விழித்தார்கள். "அங்கே என்ன விசேஷம்?" என்பது அடுத்த கேள்வி. "நெல் அறுவடை" என்று நாங்கள் பதில் சொன்னபோது, எங்கள் புத்தி சுவாதீனத்தைப் பற்றியே அவர்களுக்குச் சந்தேகம் உண்டாகிவிட்டது. நெல் அறுப்பதைப் பார்க்க ஐயாயிரம் மைல் போவானேன், தஞ்சாவூருக்கு ஒரு டிக்கட் வாங்கினால் போதாதா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

ஆர்ல் நகரம் பிரான்ஸின் தென்கோடியில் ரோன் நதிக்கரையில் இருக்கிறது. சுமார் ஐம்பதாயிரம் ஜனங்கள் வசிக்கும் சிற்றூர். ஆனால் அதன் எல்லையோ 759 சதுர கிலோமீட்டர்! ஐரோப்பாவிலுள்ள பிரெஞ்சு நகரசபைகளுள் விஸ்தீரணத்தில் இதுவே முதன்மையானது. பாரிஸ் நகரத்தைப்போல் ஏழு மடங்கு. காரணம், நகரத்துக்குச் சற்று வடக்கே ரோன் நதி இரண்டாகப் பிரிகிறது. இரு கிளைகளுக்கும் கடலுக்கும் இடையே கமார்க் என்னும் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. அதில் பெரும் பகுதி ஆர்ல் நகரசபையைச் சேர்ந்தது. வெள்ளைக் குதிரைகளும், கறுத்த காளைகளும், இளஞ்சிவப்பு நிறப் பூநாரைகளும் அங்கே வாழ்கின்றன. பிரான்ஸில் விளையும் நெல் அநேகமாக முழுவதும் அந்தப் பூமியில் விளைவதுதான்.

எப்போது போவது என்பதில் எங்களுக்குள் சிறிது விவாதம் நடந்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் கடுமை. கூட்டமோ சொல்லி முடியாது. அக்டோபர் பிறந்தால் மழை வந்துவிடலாம். ஆகவே கோடை தணிந்து விடைபெறுகிற செப்டம்பரே சிலாக்கியம் என்று தீர்மானித்தோம். 1970 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற புகைப்படக் கண்காட்சிகள் ஜூலையில் தொடங்கிச் செப்டம்பர்வரை நீடிக்கின்றன. பழைய மாதா கோயில்களிலும் மண்டபங்களிலும் படங்களை மாட்டி வைக்கிறார்கள். செப்டம்பர் மூன்றாம் வாரக் கடைசியில் பிரான்ஸ் முழுவதும் புராதனச் சின்னங்களின் தினங்களைக் கொண்டாடுகிறார்கள். அப்போது பல கட்டடங்களை இலவசமாகவே பார்க்கலாம். செப்டம்பர் நடுவில்தான் நெல் அறுவடையும் ஆரம்பமாகிறது. எதிர்பார்க்க வேண்டிய தொல்லைகள் இரண்டு. ஒன்று, வடக்கிலிருந்து சீறி வரும் 'மிஸ்திரால்' என்ற காற்று. வெயில் நாளிலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். மற்றொன்று கொசு. கமார்க் கொசுவுக்கு உள்ளூரார், வெளியூரார் என்ற பேதம் கிடையாதாம்.

முதல் நாளை ரோமாபுரியாருக்கு ஒதுக்கியிருக்கிறோம். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் கட்டிய வட்டரங்கு நகரத்தின் நடுவில் இன்னும் நிற்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. அடுக்குக்கு அறுபது வளைவு. இருபதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கலாம். ரோம சாம்ராஜ்யம் சரிந்த பிற்பாடு அந்த அரங்கு ஒரு கோட்டையாயிற்று. பிறகு ஓர் ஊராகவே ஆகிவிட்டது. இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிறு கோயில்களும் அதற்குள் இருந்தன. 1825 முதல் அந்த வீடுகளை அகற்றினார்கள். காலியான அரங்கில் 1830-இல் காளைப் பந்தயம் நடந்தது. எதைக் கொண்டாட என்று நினைக்கிறீர்கள்? ஆப்பிரிக்காவில் அல்ஜியர்ஸ் நகரத்தைப் பிரெஞ்சுப் படை பிடித்ததைக் கொண்டாடத்தான்! பிறர் நாட்டைப் பிடித்த சந்தோஷத்தோடு அந்த அரங்கு மீண்டும் திறந்தது என்பதை, அதன் படிகளில் உட்காரும்போது நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

செப்டம்பரில் அங்கே நெல்லின் பெயரால் ஒரு திருவிழா நடக்கிறது. அதில் காளையைக் கொல்லும் ஸ்பானிய விளையாட்டும் உண்டு. அதற்கு நாங்கள் போகப் போவதில்லை. கமார்க் ஜனங்களின் சொந்த விளையாட்டு வேறு. அதில் காளையைக் கொல்வதில்லை. அதன் கொம்புகளுக்கிடையில் கட்டிய சிறு நாடாவையும் குஞ்சத்தையும் வெள்ளுடை தரித்த வாலிபர்கள் ஓடி ஓடிப் பறிப்பார்கள். மஞ்சுவிரட்டுப் பார்த்த கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாம் நாள் சித்திரக்காரர் வின்ஸென்ட் வான் கோவுக்கு. ஹாலந்து தேசத்தவரான அவர் 1888 பிப்ரவரியில் ஆர்ல் வந்து சேர்ந்தார். 1889 மே மாதத்தில் புறப்பட்டுப் போனார். அந்தப் பதினைந்து மாதத்தில் ஏறக்குறைய இருநூறு வர்ண சித்திரங்கள் தீட்டினார். இரவு நேரக் காப்பிக் கடையையும், ரோன் நதியில் நட்சத்திரங்கள் பிரதிபலிப்பதையும் அவர் எழுதியது 1888 செப்டம்பரில்தான். நாங்கள் போகிற அதே மாதத்து ஆகாயம்!

ஆனால் அவருடைய படங்களைக் காண வேண்டுமென்று ஆர்ல் போகிறவர்கள் ஏமாறக்கூடும். காப்பிக் கடைப் படம் ஹாலந்தில் இருக்கிறது. ரோன் நதிப் படம் பாரிஸில் ஓர்ஸே மியூஸியத்தில் இருக்கிறது. நகரத்துக்கென்று சொந்தமாக அவர் படம் ஒன்றுகூட இல்லை. 2014-இல் திறந்த வான் கோ நிலையத்தார் வேறு இடங்களிலிருந்து இரவல் வாங்கித்தான் காட்டுகிறார்கள். அவர் குடியிருந்த மஞ்சள் வீடும் 1944 ஜூனில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சேதமாகி மறைந்துபோயிற்று. அவர் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் முற்றத்தை மட்டும், அவர் தீட்டிய படத்தைப் பார்த்துப் பூச்செடிகள் வைத்துப் பழையபடி அமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1889-இல் அக்கம்பக்கத்தார் முப்பது பேர் கையெழுத்திட்டு, 'இந்த மனிதரால் எங்களுக்கு அபாயம். இவரை அடைத்து வைக்க வேண்டும்' என்ற கருத்தில் விண்ணப்பம் செய்துகொண்டார்கள். போலீஸார் அவர் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இன்று அந்த ஊருக்கு யாத்திரிகர்களை அழைத்து வருவது அவர் பெயர்தான். ஆர்ல் நகரம் நன்றி சொல்லத் தாமதிக்கிற நகரம் போலும்! இந்தத் தாமதம் அவர் ஒருவர் விஷயத்தோடு நின்றிருந்தால் நாங்கள் மூன்றாம் நாளைப் பற்றி யோசித்திருக்க மாட்டோம்.

மூன்றாம் நாள் நெல்லுக்கு. கமார்க் பூமியில் நெல் எப்படி வந்தது? அந்த நிலம் கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம். அடியில் உப்பு நீர். முற்காலத்தில் ரோன் நதி வெள்ளம் பெருகி வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றோரமும் கடலோரமும் கரை எழுப்பினார்கள். வெள்ள பயம் நீங்கிற்று. ஆனால் வெயில் காயக் காய உப்பு மேலே ஏறத் தொடங்கிற்று. அந்த உப்பை ஒடுக்க ஒரே வழி, ஆற்று நீரைப் பாய்ச்சி மாதக் கணக்கில் வயலில் தேக்கி வைப்பது. அப்படித் தேங்கிய தண்ணீரில் வளரக்கூடிய தானியம் நெல் அல்லவா? நெல் விளைந்த பிறகு அதே மண்ணில் கோதுமையும் விளையும். இந்த உபாயம் தெரிந்து சிலர் ஆங்காங்கே நெல் விதைத்துப் பார்த்ததுண்டு. ஆனால் அது பெரிய விவசாயமாக நிலைக்கவில்லை.

நிலைக்கச் செய்தவர்கள் வேறு. 1939-இல் யுத்தம் மூண்டபோது, குடியேற்ற நாடுகளின் மந்திரியாக இருந்த ஜார்ஜ் மாந்தெலின் திட்டப்படி, வியத்நாமிலிருந்து சுமார் 20,000 பேரைத் தொழிலாளராகப் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் ஏழைக் குடியானவர்கள்; தாமாக விரும்பி வந்தவர்கள் வெகு சிலர். வயது வந்த ஆண்மக்கள் இருவர் உள்ள குடும்பம் ஒருவனைக் கொடுத்தாக வேண்டும் என்பது அதிகாரிகளின் கணக்கு. மார்ஸேய் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியவர்களை முதலில் தங்க வைத்த இடம் எது தெரியுமா? அப்போதுதான் கட்டியிருந்த போமெத் சிறைச்சாலை! குற்றம் ஒன்றும் செய்யாதவர்களுக்குப் பிரெஞ்சு மண்ணில் கிடைத்த முதல் படுக்கை அது.

வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய அவர்கள் வந்தார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றது. கடல் வழி அடைபட்டது. ஊர் திரும்ப முடியவில்லை. அவர்களைக் காட்டு வேலைக்கும், உப்பளத்துக்கும், வயல் வேலைக்கும் வாடகைக்கு விட்டார்கள். அவர்கள் கைக்கு வந்த கூலி மிக அற்பம். இந்தோ-சீனத்திலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோன சமயம் அது. பசித்த அரசாங்கத்தார் கமார்க் நிலத்தை நினைத்தார்கள். நெல்லை அறிந்த கைகள் அருகிலேயே இருக்கக் கண்டார்கள். அந்தத் தொழிலாளரில் சிலரைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். 1940-களின் தொடக்கத்தில் அவர்கள் எடுத்த விளைச்சலே வழிகாட்டியாயிற்று. யுத்தம் முடிந்த பின் விவசாயம் வேகமாகப் பெருகி, 1960-களின் ஆரம்பத்தில் சுமார் 30,000 ஹெக்டேர்வரை நெல் பரவிற்று. பிறகு பரப்புக் குறைந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்தது. 2000-ஆம் ஆண்டு முதல் 'கமார்க் அரிசி' என்ற பெயருக்கே ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

நெல் செழித்தது, நெல்லை நிலைநாட்டியவர்கள் மறக்கப்பட்டார்கள். யுத்தம் முடிந்து ஏழு வருஷங்கள் சென்ற பிறகு, 1952-இல்தான் கடைசித் தொகுதியினர் ஊர் திரும்பினார்கள். சுமார் ஆயிரம் பேர் பிரான்ஸிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான லே பா டாங் பிற்காலத்தில் பெயர் பெற்ற ஓவியரானார். மற்றவர்களின் கதையை அவர்களுடைய பிள்ளைகளே சரியாக அறியவில்லை. பியேர் தோம் என்ற பத்திரிகையாளர் முதியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து 2009-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த வருஷ டிசம்பரில் ஆர்ல் நகரசபை, உயிரோடிருந்த சிலரை அழைத்து மரியாதை செய்தது. 2014 அக்டோபர் 5-ஆம் தேதி, ஆர்ல் நகரசபை எல்லைக்குள்ளேயே இருக்கும் சலேன் தெ ஜிரோ கிராமத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். முதல் விளைச்சலுக்கும் அந்தச் சின்னத்துக்கும் இடையே ஏறக்குறைய எழுபது வருஷம்.

இந்தக் கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சைகோனில் பறந்த அதே கொடிதான் 1954 வரை புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பறந்தது. அந்தக் கொடியின் கீழ் சைகோனுக்கு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போன தமிழர்கள் பலர். ஒரே சாம்ராஜ்யத்தில் சிலர் குமாஸ்தாக்களாகக் கப்பலேறினார்கள். சிலர் கூலிகளாக ஏற்றப்பட்டார்கள். தஞ்சாவூர் அறுவடையில் காண முடியாத ஒன்றை ஆர்ல் அறுவடையில் காணப் போகிறோம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இனி, போக நினைக்கும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் அதிகமாதலால் ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுவது உத்தமம். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் அவசியம். பாரிஸிலிருந்து அதிவேக ரெயிலில் அவிஞ்ஞோன் வந்து, அங்கே உள்ளூர் ரெயில் ஏறலாம். மார்ஸேயிலிருந்து வந்தால் ஒரு மணிக்கும் குறைவான பிரயாணம். வட்டரங்கைப் பார்த்த கையோடு பழம்பொருள் மியூஸியத்தையும் பார்த்துவிட வேண்டும். ரோன் நதியின் அடியிலிருந்து எடுத்த 31 மீட்டர் நீள ரோமானியப் படகு அங்கே இருக்கிறது. சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டாம். சனிக்கிழமைச் சந்தை ஒன்று போதும். ரொட்டி, ஆலிவ், தக்காளி, கத்தரிக்காய், அத்திப் பழம், திராட்சை எல்லாம் குவிந்திருக்கும். கமார்க் சிவப்பரிசியும் அங்கே கிடைக்கும். நாலு பேருக்கு ஒரு வேளைச் சோறு பொங்கப் பார்க்க வேண்டுமென்பது எங்கள் வீட்டுப் பெண்களின் ஏகமனதான தீர்மானம். ஆகையால் ஹோட்டலை விட்டுச் சமையலறையுள்ள ஜாகையாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள் காலையில் முதலில் இறங்கப் போவது, நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டரில் பழைய ஆட்டுப் பட்டியில் அமைந்த கமார்க் மியூஸியம். பிறகு வாக்காரெஸ் ஏரிக்கரை வழியாக, நாரைகளைப் பார்த்துக்கொண்டு, சுமார் நாற்பது கிலோமீட்டரில் உள்ள சலேன் தெ ஜிரோ. வழி நெடுக இரு பக்கமும் நெல். இப்போது அங்கே நாற்று நடுவதில்லை. விதையை நேரே தெளித்து, யந்திரத்தால் அறுக்கிறார்கள். ஆகவே வயலில் ஆட்களைக் காண்பது அரிது. அந்த வயல்களில் முழங்கால் சேற்றில் நின்றவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு போகிறவனுக்கு மட்டுமே அவர்கள் கண்ணில் படுவார்கள்.

பிரான்ஸ் போகிற நேயர்கள் பாரிஸுக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். தெற்கே இந்தக் கிராமத்துக்கு ஒரே ஒரு பகல் பொழுது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.