ஒரு நோட்டும் நாலு வரியும்

பி.காம். முடித்துச் சும்மா இருக்கும் பக்கத்து வீட்டுப் பையன், "தெரிஞ்சவங்ககிட்ட வேலை கேக்கக் கூச்சமா இருக்கு தாத்தா" என்றான். அவனுக்குக் கணிதமேதை ராமானுஜன் கதையைச் சொன்னேன்.

கல்லூரித் தேர்வில் தோற்றவர். கணக்கு நோட்டோடு டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். அவர் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். அந்த அறிமுகம் கைமாறி நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போனது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் வேலை. மாதம் 30 ரூபாய். மறுவருஷம் கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு எழுதியபோதும், குமாஸ்தா என்றுதான் தன்னை முதலில் அறிமுகம் செய்துகொண்டார்.

நானும் குமாஸ்தாதான், சிபாரிசு என்றால் முகம் சுளிப்பவன். ஆனால் தெரிந்த தொழிலைச் சொல்லிக் கேட்பது சிபாரிசு இல்லையே!

பையன் நாலு வரி எழுதி வந்தான். 'டேலி தெரியும்' என்பது கடைசி வரியில் இருந்தது. மேலே ஏற்றச் சொன்னேன். நாளை சங்கரன்கோவில் விசைத்தறிக்கார நண்பரிடம் அழைத்துப் போகிறேன். பேசப்போவது அவன்தான்.