கடைசி ஸ்தானம்

சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட இடமில்லை. பகடை பாழாய்ப் போயிற்று என்று தருமபுத்திரர் சொல்லலாம். ராஜாவைப் பறிகொடுத்தவர் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே இதில் தோல்வி அதிகமாகச் சுடும்.

சென்ற மாதம் கடலூரிலிருந்து என் மாணவன் ஒருவனைச் சிதம்பரத்தில் நடந்த போட்டிக்கு அழைத்துச் சென்றேன். கடைசி ஸ்தானத்தில் நின்ற அவன், "இனிமேல் காயைத் தொடமாட்டேன், ஸார்!" என்றான். பக்கத்து மேஜையில், போட்டிகளிலேயே தலை நரைத்த இரு பெரியவர்கள் ஆடிக்கொண்டிருந்தனர். மூன்று மணி நேரப் போருக்குப் பின், ஒரே ஒரு சிப்பாய் வித்தியாசத்தில் ஒருவர் கடிகாரத்தை நிறுத்திக் கைகொடுத்தார். ஆனால் எழுந்துவிடவில்லை. காய்களை மறுபடி அடுக்கி, "எங்கே தவறினேன், பார்ப்போமா?" என்றார். வென்றவரும் ஒளிக்காமல் சொன்னார்.

திரும்பும் ரயிலில் பையனுக்கு மானுவேல் ஆரோனைப் பற்றிச் சொன்னேன். 1961-இல், இந்தியர்களில் முதலாவதாகச் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றவர் அவர். 1962-இல் ஸ்டாக்ஹோமில், உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டியில், 23 பேரில் கடைசியாகவே வந்தார். ஆனால் அங்கேதான் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் வீழ்த்தினார்!

பட்டியல் ஸ்தானத்தைச் சொல்லும், ஆட்டத்தைச் சொல்லாது. பரீட்சைத் தாள் திருத்தும் என் போன்ற உபாத்தியாயர்களும் இதை நினைவில் வைப்பது நலம்.