நகர்ந்த வரப்பு

அம்மாவிடமிருந்து முதலில் தொலைந்த சொல் 'டம்ளர்'. "அதை எடு, அந்த... தண்ணி குடிக்கிறது" என்றாள். அடுத்த வாரம் 'சாவி'. அதற்கடுத்த வாரம் வலிப்பு வந்தது. எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளையின் இடது பக்கம், பேச்சுக்கான பகுதியை ஒட்டி ஒரு கட்டி.

அறுவைக்கு முந்தைய நாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். எம்ஆர்ஐ படத்தை வைத்துக் கணினி வழிகாட்டும், நடுநடுவே அல்ட்ராசவுண்டிலும் பார்த்துக்கொள்வோம் என்றார்.

"அது கர்ப்பத்துக்குப் பார்க்கிறது இல்லையா மேடம்?" என்றார் அப்பா. "அதான் எம்ஆர்ஐ எடுத்தாச்சே."

"எடுத்தாச்சு சார். ஆனா அது மண்டை ஓடு மூடியிருக்கும்போது எடுத்த படம். திறந்ததும் மூளையைச் சுத்தி இருக்கிற நீர் வடியும், மூளை கொஞ்சம் அமிழும். கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலகூட. கணினி பழைய இடத்தையே காட்டிட்டிருக்கும்."

அப்பா 31 வருடம் சர்வேயராக இருந்தவர். "புரியுது. படம் சரியாத்தான் இருக்கும், வரப்புதான் நகர்ந்திருக்கும்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான் சார். இறங்கிப் பார்த்தாத்தான் தெரியும்."

அன்றிரவு தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். அல்ட்ராசவுண்டை நாம் வயிற்றோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் அதைக்கொண்டு உடம்புக்குள் பார்க்க நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று மூளையில்தான். வியன்னாவின் நரம்பியல் மருத்துவர் கார்ல் டுசிக் 1942இல் அதைப் பற்றி எழுதினார். தலையின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பி, மறுபக்கம் வாங்கி, மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளைப் படம் பிடித்துவிட்டதாக நம்பினார். பத்து ஆண்டுகள் கழித்து, அந்தப் படங்கள் பெரும்பாலும் மண்டை ஓடு செய்த மாயம் என்று தெரியவந்தது. எலும்பு ஒலியை விழுங்கிவிடும்.

அறுவை அரங்கில் அந்தத் தடை இல்லை. எலும்பைத் திறந்தாயிற்று. இந்த ஒலி காற்றில் சரியாகப் போகாது, நீரில் போகும். அதனால் குழியில் உப்புநீரை நிரப்பிக் கருவியை வைக்கிறார்கள். கட்டி பெரும்பாலும் சுற்றியுள்ள மூளையைவிட வெளுப்பாகத் தெரியும். அரங்கிலேயே எம்ஆர்ஐ வைத்திருக்கும் மருத்துவமனைகளும் உண்டு, ஆனால் அது கோடிகளில் செலவு. இது தள்ளிக்கொண்டு வரும் கருவி.

ஆறு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"பெரும்பகுதி எடுத்தாச்சு. கடைசியில பார்த்தப்ப ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு. நீர் நிறைஞ்ச குழியில அப்படிப் பொய்யாவும் தெரியும். மிச்சக் கட்டியாவும் இருக்கலாம். அதுக்கு அந்தப் பக்கம் அவங்க பேச்சு. விட்டுட்டேன்."

விட்டுட்டேன். அந்தச் சொல்லோடு பல நாள் மல்லுக்கட்டினேன். கருவி பார்த்துவிட்டால் முடிவும் அதுவே சொல்லிவிடும் என்று நினைத்திருந்தேன் போல. அது வெள்ளையை மட்டும்தான் காட்டியது. எங்கே நிறுத்துவது என்பதை ஒரு மனுஷிதான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

அப்பா கோபப்படவில்லை. "தகராறுள்ள எல்லையில அன்னிக்கே கல்லு நட மாட்டோம். பார்த்துட்டு வருவோம். மறுபடி போவோம்" என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறோம், எம்ஆர்ஐ எடுக்க. சொற்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. நேற்று சாப்பிடும்போது அம்மா கையை நீட்டி, "அந்த... அதை எடுங்க" என்றாள். நானும் அப்பாவும் அசையாமல் இருந்தோம்.

"டம்ளர்" என்றாள். பிறகு எரிச்சலோடு, "எதுக்கு ரெண்டு பேரும் அப்படிப் பார்க்கிறீங்க?"