வென்ற நாளில் கேட்காத கேள்வி

நம் நாட்டு ஆடவர் பலருக்குத் தொழில் இரண்டு. ஒன்று, குடும்பத்தைக் காப்பதற்காகச் செய்வது. மற்றொன்று, இருந்த இடத்திலிருந்தே இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை வகிப்பது. இரண்டாவது தொழிலுக்கு ஊதியம் இல்லை. ஆயினும் அதில் ஒருவரும் விடுப்பு எடுப்பதில்லை. நாம் வாழும் தேங்காய்த்திட்டிலும் இதே நிலைதான். மீன்பிடித் துறைமுகத்தில் கைகள் வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும். வாய், பும்ராவுக்கு எந்த ஓவரைத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்துக்கொண்டிருக்கும்.

இவ்விவாதங்களை நாம் விருப்பத்தோடு செவிமடுப்பதுண்டு. பேச்சு விளையாட்டைப் பற்றியதே ஆயினும், ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் எந்த எடைக்கல்லால் நிறுக்கிறார் என்பது அதில் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. அதே எடைக்கல்தான் பின்னர் வீட்டிற்குள்ளும் வந்து சேர்கிறது. ஆகவே இதுபற்றிச் சிறிது சிந்திப்பது குடும்பங்களுக்கும் நலம் பயக்கும் என எண்ணுகிறோம்.

2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் 8 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை வென்று தொடங்கிய நம் அணி, அரையிறுதி உட்பட 10 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றது. இலங்கை 55 ஓட்டங்களுக்கும், தென்னாப்பிரிக்கா 83 ஓட்டங்களுக்கும் சுருண்டன. ஊரெங்கும் ஒரே மகிழ்ச்சி.

ஆட்டத்தின் விதியை அறியாதோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். ஓர் அணி 50 ஓவர்கள் வீச வேண்டும். ஒருவர் 10 ஓவருக்கு மேல் வீசலாகாது. எனவே குறைந்தது ஐந்து பந்துவீச்சாளர் தேவை. ஐவரில் ஒருவர் அடிவாங்கினால் கைகொடுக்க ஆறாமவர் ஒருவர் இருப்பது நலம். தொடக்கத்தில் அந்த இடத்தில் ஹார்திக் பாண்டியா இருந்தார். அக்டோபர் 19 அன்று புனேயில் அவருக்குக் கணுக்காலில் காயம் ஏற்பட்டது. அதன்பின் பும்ரா, சிராஜ், ஷமி, குல்தீப், ஜடேஜா என்ற ஐவரைக் கொண்டே அணி நடைபோட்டது. சென்னையைச் சேர்ந்த அஸ்வின், முதல் ஆட்டத்தில் 10 ஓவர்களில் 34 ஓட்டங்களே கொடுத்தவர், பிறகு ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை.

அந்நாள்களில் நம் இளைஞர் ஒருவர் மட்டும் ஒரு கேள்வியை விடாது கேட்டுவந்தார். “ஐவரில் இருவர் ஒரே நாளில் தடுமாறினால் அணித்தலைவர் யாரை அழைப்பார்?” என்பதே அது. கிடைத்த மறுமொழி யாது? “ஜெயிக்கிற அணியில் கை வைக்கலாமா? வாயைக் கழுவு!” என்றார் அவருடைய சித்தப்பா. மற்றவர்களும் அவரை ஏதோ அபசகுனம் போலவே பார்த்தார்கள். வெற்றி வந்துகொண்டிருக்கும்போது கேள்வி கேட்பவன் துரோகியாகத் தோன்றுகிறான்.

வியப்பு என்னவெனில், அணித்தலைவர் ரோகித் சர்மாவுக்கே அக்கேள்வி இருந்திருக்க வேண்டும். நவம்பர் 12 அன்று பெங்களூரில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் ஒன்பது பேரைப் பந்துவீசச் செய்தார். விராட் கோலி ஒரு விக்கெட் எடுத்தார். ரோகித்தும் தாமே வீசிக் கடைசி விக்கெட்டை வீழ்த்தினார். அரங்கம் அதை வேடிக்கையாகக் கண்டு ஆரவாரித்தது. வெற்றியின் நடுவிலேயே தம் குறையைச் சோதித்துப் பார்த்த செயலாக நமக்கு அது தோன்றியது.

நவம்பர் 19, ஞாயிறு. அகமதாபாத்தில் இறுதி ஆட்டம். நம் அணி 240 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. வழக்கமாகப் புதுப்பந்தை வீசிவந்த சிராஜுக்குப் பதிலாக ஷமி பும்ராவோடு தொடங்கினார். ஆஸ்திரேலியா 47 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் இழந்தது. அதன்பின் டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் 192 ஓட்டங்கள் சேர்த்துவிட்டார்கள். 43 ஓவர்களில் ஆட்டம் முடிந்தது. அத்தனை ஓவரையும் அந்த ஐவரே வீசினார்கள்.

மறுநாள் காலை நம் ஊரில் எல்லோரும் ஞானிகளாகியிருந்தனர். “சிராஜிடம் புதுப்பந்தைக் கொடுக்காதது தவறு, அஸ்வினை உட்கார வைத்தது பெருந்தவறு, அன்றே சொன்னேன்” என்றார்கள். அன்றே சொன்னவர் எவரும் நம் நினைவில் இல்லை, அந்த ஓர் இளைஞரைத் தவிர. அவரோ அமைதியாக இருந்தார். நாம் வினவியபோது, “சாமி, நாம் தோற்றதால் என் கேள்வி சரியாகிவிடவில்லை, ஜெயித்திருந்தாலும் அது தவறாகியிருக்காது. வார்னரும் ஹெட்டும் இடக்கை ஆட்டக்காரர்கள். இடக்கைக்காரருக்கு ஷமி வல்லவர். தம் முதல் பந்திலேயே வார்னரை வீழ்த்தினார் அல்லவா? தலைவர் யோசிக்காமல் செய்யவில்லை” என்றார். உரிய காலத்தில் கேட்டவருக்குப் பழிக்கும் அவசியம் நேரவில்லை.

முடிவைக் கொண்டு மட்டும் தீர்ப்பளித்தால் நாம் எங்கே போய் நிற்போம் என்பதற்குத் தோனியின் வாழ்வில் சரியான சான்று உண்டு. 2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க் நகர். இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 ஓட்டங்கள் தேவை. அனுபவமிக்க ஹர்பஜனுக்கு இன்னும் ஓர் ஓவர் மீதம் இருந்தது. தோனியோ பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் தந்தார். மிஸ்பா உல் ஹக் ஒரு சிக்சர் அடித்தார். அடுத்த பந்தைத் தூக்கி அடிக்க, அது ஸ்ரீசாந்தின் கைகளில் வந்து விழுந்தது. 5 ஓட்டங்களில் வெற்றி. தோனி மதியூகி என்று போற்றப்பட்டார்.

2011 மார்ச் 12, நாகபுரி. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் தேவை அதே 13 ஓட்டங்கள். அன்றும் ஹர்பஜனுக்கு ஓர் ஓவர் மீதம். தோனி நெஹ்ராவை அழைத்தார். நான்கே பந்துகளில் 16 ஓட்டங்கள் பறந்தன, தோல்வி. தோனி மதியிழந்தார் என்று நாடே ஏசியது. ஆனால் அதே நெஹ்ரா, பதினெட்டு நாள் கழித்து மொகாலி அரையிறுதியில், அஸ்வின் வெளியே அமர்ந்திருக்க, 10 ஓவர்களில் 33 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். இரண்டு நாளிலும் தலைவர் ஒருவரே, துணிவும் ஒன்றே. பந்து எங்கே விழுந்தது என்பதில் மட்டுமே வேறுபாடு.

இதைத் தோனியே நன்கு உணர்ந்திருந்தார். 2011 ஏப்ரல் 2 அன்று கோப்பையை வென்ற இரவில், தோற்றிருந்தால் அஸ்வினை விட்டு ஸ்ரீசாந்தைச் சேர்த்தது ஏன், யுவராஜுக்கு முன் தாம் ஆட வந்தது ஏன் என்றெல்லாம் தம்மைக் கேட்டிருப்பார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ரோகித்தின் கதையும் அகமதாபாத்தோடு முடியவில்லை. 2024 ஜூன் 29, பார்படோஸ் தீவு. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துகளில் 30 ஓட்டங்களே தேவைப்பட்ட இக்கட்டில், அவர் பும்ராவின் மீதி இரண்டு ஓவர்களையும் 18-ஆவது ஓவருக்குள் முடித்துவிட்டார். கடைசி ஓவர் பாண்டியாவுக்கு. முதல் பந்தே எல்லைக்கோட்டைத் தாண்டவிருந்தது. சூரியகுமார் யாதவ் ஓடிவந்து அதைப் பிடித்தார். 7 ஓட்டங்களில் வெற்றி. அந்தக் கைகள் தவறியிருந்தால், “பும்ராவை ஏன் முன்னதாக முடித்தாய்?” என்ற குரல் இன்றும் நம் துறைமுகத்தில் ஓய்ந்திராது.

வள்ளுவர், தெரிந்து தெளிதல் என்றும் தெரிந்து வினையாடல் என்றும் இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளை ஆராய்ந்து நம்புவதும், நம்பியவரை உரிய வினையில் அமர்த்துவதும் தலைவனின் கடமை. அவ்வாராய்ச்சி நடந்ததா என்பதே நியாயமான கேள்வி. விளைவு முழுவதும் எவர் கையிலும் இல்லை. கடலை நம்பி வாழும் நம் மக்களுக்கு இதை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

இனி வீட்டிற்கு வருவோம். மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தில் பழைய படகொன்றை வாங்கிய கைம்பெண்ணைப் போன்றோர் நம்மிடையே உண்டு. படகு கடலில் இறங்கிய நாளில் விருந்துண்ட உறவினர் எவரும், “இயந்திரத்தை யாரிடம் காட்டிப் பார்த்தீர்கள்?” என்று கேட்பதில்லை. முதல் மாதங்களில் மீன் கிடைத்தபோதும் கேட்பதில்லை. இயந்திரம் பழுதாகிக் கடன் ஏறியபின், “பெண்பிள்ளை தனியாக முடிவெடுத்தால் இப்படித்தான்” என்கிறார்கள். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் அவ்வீட்டை உடைக்கிறது. மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய தந்தையும், தனக்குப் பிடித்த படிப்பைத் தேர்ந்த மகளும் இதே நீதிமன்றத்தில்தான் நிறுத்தப்படுகிறார்கள்.

ஆதலால் நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வோம். எல்லாம் நன்றாக நடக்கும் நாளில் அன்போடு கேள்வி கேளுங்கள். கேட்பவரை அபசகுனம் என்று விரட்டாதீர்கள். ஆறாமவர் தேவைப்படுவதை அறியும் காலம் அதுவே. காரியம் கெட்ட நாளிலோ, அவருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் சொல்ல ஏதுமில்லையெனில், ஒரு குவளைக் காப்பியோடு அவர் அருகில் போய் அமர்ந்திருங்கள். அது போதும்.